லேகியம், வெந்தயம், சதாவரி, பயோட்டின்: பால் கொடுக்கிறவர் எதைச் சாப்பிடலாம், எதை நிறுத்தலாம்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். குழந்தைக்கு மூன்று மாதம், தாய்ப்பால் மட்டும்தான். சில நாளாகப் பால் குறைந்துவிட்டதாகத் தோன்றுகிறது. மாமியார் பிரசவ லேகியம் உருட்டிக் கொடுக்கிறார், அம்மா வெந்தயக் களி கிண்டுகிறார், தோழி சொன்னாள் என்று சதாவரித் துகள் டப்பா வாங்கியாச்சு. ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்பு, கால்சியம் மாத்திரைகள் பாதி அப்படியே இருக்கின்றன. முடி கொட்டுகிறது என்று பயோட்டின், தூக்கம் வரவில்லை என்று அஸ்வகந்தா. 'எல்லாம் இயற்கைதானே, குழந்தைக்கு ஒன்றும் ஆகாதே?' என்பது முதல் கேள்வி. குழந்தைக்கு வசம்பு உரசிக் கொடுக்கலாமா என்பதும், மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்பதும் கடைசி இரண்டு.

நான் மருத்துவர் இல்லை, மருத்துவமனை மருந்தகத்தில் 15 வருடமாக வேலை பார்க்கும் மருந்தாளுநர், இரண்டு பிள்ளை பெற்றவள். உங்களைப் போலவே ஒரு பெண் ஒருநாள் துணிக்கடைப் பையோடு வந்து கவுண்டரில் கொட்டினார். ஒன்பது டப்பா. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தால் வைட்டமின் டி நான்கில் இருக்கிறது, இரும்பு மூன்றில். அவர் தேடிவந்த பி12 மட்டும் ஒன்றில்கூட உருப்படியான அளவில் இல்லை. யாரும் அவருக்குக் கெடுதல் நினைத்து எதையும் கொடுக்கவில்லை. ஆளுக்கொன்று அன்பாகக் கொடுத்ததன் கூட்டுத்தொகை அது. அதனால் நான் 'இது இயற்கையா செயற்கையா' என்று பார்ப்பதே இல்லை. எதற்காக, எவ்வளவு, அந்த டப்பாவுக்குள் உண்மையில் என்ன இருக்கிறது, இந்த மூன்றைத்தான் பார்ப்பேன். எட்டிக்கொட்டையும் இயற்கைதான்.

முதலில் பால் விஷயம். மூன்றாம் மாதத்தில் 'பால் வற்றிவிட்டது' என்று வராத தாய் குறைவு, அதில் பெரும்பாலானோருக்குப் பால் வற்றியிருக்காது. ஆரம்ப வாரங்களில் மார்பு கல் மாதிரி கட்டும், ரவிக்கை நனையும். இரண்டு மூன்று மாதத்தில் உடம்பு குழந்தையின் தேவைக்குத் தக்கபடி சுரக்கப் பழகிவிடும், மார்பு மெத்தென்று ஆகிவிடும், ஒழுகுவது நின்றுவிடும். குழந்தையும் தேர்ந்துவிடும், முன்பு அரைமணி நேரம் சப்பியது இப்போது பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். அதைப் பார்த்து 'பால் இல்லை, அதான் விட்டுட்டான்' என்பார்கள். பம்ப் வைத்துப் பார்த்தால் 40 மில்லிதான் வருகிறது என்பதும் கணக்கு ஆகாது, பம்புக்கு வருவது வேறு, குழந்தை வாய்க்கு வருவது வேறு.

பார்க்க வேண்டியது இரண்டே. ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது நன்றாக ஈரமாகச் சிறுநீர் போகிறதா, எடை ஏறுகிறதா. முதல் மூன்று மாதத்தில் வாரத்துக்குச் சுமார் 150 முதல் 200 கிராம் ஏறும், அதற்குப் பிறகு வேகம் கொஞ்சம் குறையும், அது இயல்பு. மலம் இரண்டு மூன்று நாள் போகாமல் இருந்தாலும் இந்த வயதில் தாய்ப்பால் குழந்தைக்குப் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. தடுப்பூசிக்குப் போகும்போது எடை போட்டு அட்டையில் எழுதியிருப்பார்கள், அந்த அட்டையை எடுத்துப் பாருங்கள். கோடு மேலே போய்க்கொண்டிருந்தால் உங்களுக்குப் பால் பெருக்க எந்த மருந்தும் வேண்டாம், களியும் வேண்டாம், துகளும் வேண்டாம். பிடித்தால் சாப்பிடுங்கள், அவ்வளவுதான்.

எடை உண்மையாகவே ஏறவில்லை என்றால் அப்போதும் முதல் வேலை டப்பா திறப்பது இல்லை. மார்பில் பால் தேங்கி நின்றால் சுரப்பு தானாகக் குறையும், காலியாகக் காலியாகத்தான் சுரக்கும், இதுதான் அடிப்படை. எத்தனை தடவை கொடுக்கிறீர்கள், ராத்திரி கொடுக்கிறீர்களா, இடையில் பவுடர் பால் நுழைந்துவிட்டதா, குழந்தை காம்பை மட்டும் பிடிக்கிறதா அல்லது கருவளையத்தோடு வாய் நிறையப் பிடிக்கிறதா என்று யாராவது தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தைராய்டு, நீர்க்கட்டி, பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு, நஞ்சுக்கொடித் துண்டு உள்ளே தங்கியது, ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை, இவை எல்லாம் பாலைக் குறைக்கும். இவற்றில் ஒன்று இருந்தால் எத்தனை கிலோ வெந்தயம் தின்றாலும் பயன் இல்லை, நாள்தான் வீணாகும். என் பயம் பெரும்பாலும் மூலிகை செய்யும் கெடுதலைப் பற்றி இல்லை. மூலிகையை நம்பி மூன்று வாரம் காத்திருந்துவிட்டு, இளைத்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்களே, அதைப் பற்றித்தான்.

சரி, இந்தப் பால் பெருக்கிகள் வேலை செய்யுமா? 2020-இல் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் கோக்ரேன் குழு 41 ஆய்வுகளை, மொத்தம் 3,005 தாய்மார்களை, சேர்த்துப் பார்த்தது. இயற்கைப் பொருள்களால் பால் கொஞ்சம் கூடலாம், குழந்தை எடையும் கூடலாம், ஆனால் ஆய்வுகளின் தரம் மிகக் குறைவு, உறுதியாகச் சொல்ல முடியாது என்பதுதான் அதன் சாரம். சதாவரியை எடுத்துக்கொள்ளுங்கள், நம்ம தண்ணீர்விட்டான் கிழங்கு. 1996-இல் இந்தியாவில் நடந்த ஆய்வில் சதாவரி கலந்த மருந்துக்கும், ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த மருந்தே இல்லாத போலிக்கும் வித்தியாசம் இல்லை. 2011-இல் 60 தாய்மார்களை வைத்து நடந்த இன்னோர் ஆய்வில் பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் நன்றாகவே ஏறியது. இரண்டும் சின்ன ஆய்வுகள். தமிழ்நாடு அரசு கர்ப்பிணிகளுக்குக் கொடுத்த அம்மா மகப்பேறு சஞ்சீவிப் பெட்டகத்திலும் சதாவரி லேகியம் இருந்தது. என் கருத்து, சதாவரி பெரிய ஆபத்து இல்லை, பெரிய அதிசயமும் இல்லை. கடையில் விற்கும் துகளில் பாதிக்கு மேல் சர்க்கரைதான் இருக்கும், கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர் என்றால் லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

வெந்தயத்துக்கு வருகிறேன், இது கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. பொதுவாக நான் சொல்வது, சமையலில் சேரும் அளவு உணவு, கேப்சூலில் அடைத்த அளவு மருந்து என்பது. ஆனால் வெந்தயத்தில் இந்தக் கணக்கு தலைகீழ். ஒரு டீஸ்பூன் வெந்தயம் கிட்டத்தட்ட 4 கிராம். பால் பெருக்க விற்கும் கேப்சூல்களைச் சொன்னபடி நாள் முழுக்க விழுங்கினாலும் பெரும்பாலும் 3 முதல் 7 கிராமுக்குள்தான் வரும். உங்கள் அம்மா கிண்டும் களியில் ஒரு கிண்ணத்துக்கு அதைவிட அதிகம் போகும். 'களிதானே' என்று நினைத்துக்கொண்டு நீங்கள் மருந்தளவைத் தாண்டிக்கொண்டிருக்கலாம்.

அதனால் என்ன ஆகும்? பலருக்கு ஒன்றும் ஆகாது. உங்கள் வியர்வையிலும் சிறுநீரிலும் ஒரு இனிப்பு வாசனை அடிக்கும், குழந்தையின் உடம்பிலும் அடிக்கலாம். வெந்தயத்தில் இருக்கும் சோட்டோலோன் என்ற பொருள்தான் காரணம். சிறுநீரில் இதே வாசனை வரும் பிறவி நோய் ஒன்று உண்டு, பிரசவ நேரத்தில் தாய் சாப்பிட்ட வெந்தயத்தால் பிறந்த குழந்தைக்கு அந்த நோய் என்று சந்தேகப்பட்ட சம்பவம் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. எனவே குழந்தை மருத்துவரிடம் போகும்போது வெந்தயம் சாப்பிடுவதை மறைக்காதீர்கள். அப்புறம் சிலருக்கு வயிற்றுப்போக்கு, வாயு. ரத்தச் சர்க்கரையை இறக்கும், இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் கிறுகிறுத்துப்போவார். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர் களியெல்லாம் வேண்டவே வேண்டாம். நிலக்கடலை, கொண்டைக்கடலை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வெந்தயமும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், எல்லாம் ஒரே குடும்பத்துப் பயறுகள். இதில் எதுவும் உங்களுக்கு இல்லை என்றால் வாரத்தில் இரண்டு நாள் களி, கருப்பட்டி நல்லெண்ணெய் விட்டு, தாராளமாக.

பூண்டைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், எனக்குப் பிடித்த ஆய்வு அது. 1991-இல் அமெரிக்காவில் தாய்மார்களுக்குப் பூண்டு கேப்சூல் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு மணி நேரத்தில் பாலில் பூண்டு வாசனை ஏறியது. குழந்தை முகம் சுளிக்கும் என்று நினைத்தால், அன்றைக்குக் குழந்தைகள் வழக்கத்தைவிட அதிக நேரம் மார்பைப் பிடித்துக்கொண்டிருந்தன. பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொடுத்த நம் பாட்டிகளுக்கு இந்த ஆய்வு தேவைப்பட்டிருக்காது.

பால் சுறாப் புட்டையும் விட முடியாது. அந்த மீனுக்கு ஆங்கிலத்திலும் பால் சுறா என்றுதான் பெயர், அதைத் தின்றால் பால் சுரக்கும் என்ற நம் ஊர் நம்பிக்கையிலிருந்தே அந்தப் பெயர் போனதாகச் சொல்வார்கள். நல்ல புரதம், மறுக்கவில்லை. ஆனால் சுறா மற்ற மீன்களைத் தின்று வாழ்வது, அதன் சதையில் பாதரசம் சேரும், பாலூட்டும் தாய்க்குச் சுறா வேண்டாம் என்பது அமெரிக்க உணவுத் துறையின் அறிவுரை. பால் சுறா சின்ன இனம், எப்போதாவது ஒரு நாள் சாப்பிட்டதற்குப் பதற வேண்டாம். தினமும் மீன் வேண்டும் என்றால் மத்தி, நெத்திலி வாங்குங்கள், விலையும் குறைவு, குழந்தையின் மூளைக்கு வேண்டிய டி.எச்.ஏ. கொழுப்பும் அதில்தான் இருக்கிறது. மீன் சாப்பிடாதவர் பாசியிலிருந்து எடுத்த டி.எச்.ஏ. கேப்சூல், நாளுக்கு 200 மில்லிகிராம் அளவில் எடுக்கலாம், வசதி இருந்தால்.

செடிக்குச் சக்தி இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குழந்தையை இழந்த தாய்க்குப் பால் வற்ற மார்பில் மல்லிகைப் பூ வைத்துக் கட்டுவது நம் பக்கத்து வழக்கம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் அதை அந்நாளில் பால் வற்றக் கொடுத்துவந்த புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டு 1988-இல் ஆய்வு வெளியிட்டார்கள், இரண்டிலும் பால் வற்றியது. ஒரு முழம் பூவுக்கே அந்த வேலை முடியும் என்றால், கிலோக்கணக்கில் செடியைக் காய்ச்சி வடித்து ஒரு மாத்திரையில் அடைத்தது உங்கள் உடம்பில் ஒன்றுமே செய்யாது என்று எப்படி நினைப்பது?

இதற்கு ஒரு பழைய உதாரணம். 1994-இல் இத்தாலியில் இரண்டு பச்சிளம் குழந்தைகள் பால் குடிக்காமல், வாந்தி எடுத்து, அழக்கூடத் தெம்பில்லாமல் மருத்துவமனைக்கு வந்தன. விசாரித்தால் இரண்டு தாய்மாரும் பால் ஊற அதிமதுரம், சோம்பு எல்லாம் கலந்த மூலிகைத் தேநீரை ஒரு நாளைக்கு இரண்டு லிட்டருக்கு மேல் குடித்துக்கொண்டிருந்தார்கள். நிறுத்திய ஒன்றரை நாளுக்குள் குழந்தைகள் தேறிவிட்டன. நாம் சாப்பாட்டுக்குப் பிறகு மெல்லும் அதே சோம்புதான்.

இப்போது லேகியம். சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம், சீரகம், கருப்பட்டி, நெய். என் அம்மா இரும்புச் சட்டியில் கிண்டுவாள், அகப்பையில் ஒட்டாமல் சுருண்டு வந்து ஓரத்தில் நெய் பிரிந்தால் பதம். இதைச் சுண்டைக்காய் அளவோ சின்ன நெல்லிக்காய் அளவோ காலையில் சாப்பிடுவதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. பசி எடுக்கும், வாயு இறங்கும், பத்தியச் சோற்றுக்கு நடுவில் நாக்குக்கும் ஒரு ஆறுதல். உங்களுக்கு நெஞ்செரிச்சல் இருந்தாலோ சர்க்கரை இருந்தாலோ குறைத்துக்கொள்ளுங்கள். லேகியத்தைவிட அதோடு வரும் பத்தியம்தான் என்னைக் கவலைப்படுத்துகிறது. முதல் பிரசவத்தில் எனக்கு ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் தண்ணீர்தான், வயிறு தொங்குமாம். காய் இல்லை, பழம் இல்லை, பருப்பு இல்லை. மலச்சிக்கலில் நான் பட்டது சொல்லி மாளாது. முதல் ஆறு மாதம் பாலூட்டுகிறவருக்கு நாளுக்கு 600 கிலோ கலோரி கூடுதலாக வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) சொல்கிறது, கிட்டத்தட்ட ஒரு வேளைச் சாப்பாடு. அதை எடுத்துவிட்டு லேகியம் கொடுப்பது, சோற்றைப் பிடுங்கிக்கொண்டு ஊறுகாய் கொடுப்பது மாதிரி. தீட்டிய வெள்ளைச் சோறும் ரசமும் மட்டுமே வாரக்கணக்கில் சாப்பிடும் தாயின் பாலில் தயமின் என்ற பி1 வைட்டமின் குறையும், குழந்தைக்கு இதயமே பாதிக்கும் பெரிபெரி வரும். காஷ்மீரிலும் லாவோஸிலும் பிரசவப் பத்தியத்தால் இப்படி நடந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். புழுங்கலரிசியில் தயமின் ஓரளவு தங்கும், நம் ஊரை அது கொஞ்சம் காப்பாற்றுகிறது.

வீட்டில் கிண்டிய லேகியம் வேறு, முகவரி இல்லாத டப்பாவில் வரும் சூரணம் வேறு. இந்த இடத்தில் மட்டும் நான் கறாராகப் பேசுவேன். 2004-இல் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்ததில் 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. நியூயார்க்கில் 2011, 2012 வாக்கில் இப்படிப்பட்ட மருந்துகளைச் சாப்பிட்ட ஆறு கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்ததைச் சுகாதாரத் துறை கண்டுபிடித்தது. ஈயம் தாயின் எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும், பிறகு மெதுவாகப் பாலில் வரும், வளரும் மூளைக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றே கிடையாது. பஸ்பம், செந்தூரம், ரசம் என்று முடியும் உலோக மருந்துகளைப் பாலூட்டும் காலத்தில் தகுதிபெற்ற சித்த மருத்துவர் உங்களை நேரில் பார்த்து எழுதிக் கொடுத்தால் தவிரத் தொடாதீர்கள், அவரிடமும் பால் கொடுப்பதைச் சொல்லிவிடுங்கள். டப்பாவில் சித்த, ஆயுர்வேத மருந்து என்றால் மாநில அரசின் தயாரிப்பு உரிம எண் இருக்க வேண்டும், ஊட்டச்சத்துப் பொருள் என்றால் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க எண். எண் இருப்பதாலேயே அது வேலை செய்யும் என்று அர்த்தம் இல்லை, ஏதாவது ஆனால் பிடித்துக் கேட்க ஒரு ஆள் இருக்கிறார் என்று அர்த்தம்.

மிச்சம் வைத்திருக்கிறீர்களே ஆஸ்பத்திரி மாத்திரை, உங்கள் பட்டியலிலேயே உறுதியாகத் தேவைப்படுவது அதுதான், அதைத்தான் நிறுத்தியிருக்கிறீர்கள். சிவப்பு இரும்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும், பிரசவத்துக்குப் பிறகு 180 நாள், தினம் ஒன்று என்பது அரசுத் திட்டம். கால்சியம் 500 மில்லிகிராம், காலை ஒன்று மாலை ஒன்று, ஆறு மாதம் வரை. இரண்டையும் சேர்த்து விழுங்கினால் கால்சியம் இரும்பை உடம்பில் ஏறவிடாது, குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். டீ காபியோடும் இரும்பு வேண்டாம். தைராய்டு மாத்திரை எடுப்பவர் அதற்கும் இவற்றுக்கும் நான்கு மணி நேரம் தள்ளி வையுங்கள். மலம் கறுப்பாகப் போவது இரும்பால், பயப்பட வேண்டாம். வயிறு கட்டிப்போகிறது என்றால் வேறு வகை இரும்பு கேட்டு வாங்குங்கள், நிறுத்தாதீர்கள்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. நீங்கள் இரும்பும் கால்சியமும் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் பாலில் அவற்றின் அளவு பெரிதாக மாறாது, உங்கள் உடம்பைச் சுரண்டியாவது பாலுக்குப் போய்விடும். அந்த மாத்திரை உங்களுக்கு. ஆனால் பி12, தயமின், அயோடின், வைட்டமின் டி எல்லாம் உங்களிடம் குறைந்தால் பாலிலும் குறையும். சைவம் சாப்பிடுபவர் என்றால் பி12-ஐ அலட்சியமாக விடாதீர்கள். தாய்க்கு பி12 இல்லாமல் தாய்ப்பால் மட்டுமே குடித்து வளரும் குழந்தை, ஆறேழு மாதத்தில் சிரித்தது சிரிக்காமல், உட்கார்ந்தது உட்காராமல் பின்னுக்குப் போகும், விரல் முட்டி கறுக்கும், கை நடுங்கும். இந்தியக் குழந்தை மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த நோய் இது. ஒரு ரத்தப் பரிசோதனை, சில ரூபாய் மாத்திரை, அதோடு தடுத்துவிடலாம்.

வைட்டமின் டி பாலில் எப்போதுமே குறைவுதான், அதனால் குழந்தைக்கே நேராக நாளுக்கு 400 யூனிட் சொட்டு மருந்து முதல் வருடம் முழுக்கக் கொடுக்கச் சொல்வார்கள். ஆனால் கவனம், ஒரு மில்லிக்கு 400 யூனிட் உள்ள பாட்டிலும் 800 யூனிட் உள்ள பாட்டிலும் கடையில் உண்டு, பாட்டில் மாறினால் அளவும் மாறும். பெரியவர்களுக்கு வாரம் ஒன்று எழுதும் 60,000 யூனிட் பாக்கெட்டைத் தினமும் கரைத்துக் குடித்தவரையும் பார்த்திருக்கிறேன். இந்த வைட்டமின் அதிகமானால் சிறுநீரில் போய்விடாது, உடம்பில் சேரும். அயோடினுக்கு அயோடின் உப்பு போதும், கடல்பாசி மாத்திரை வேண்டாம். கொரியாவில் பிரசவத்துக்குப் பிறகு கடல்பாசி சூப் குடிப்பது வழக்கம், அளவு மீறிப்போய்க் குழந்தையின் தைராய்டு சுரப்பு குறைந்த சம்பவங்கள் உண்டு.

பயோட்டின். பிரசவமாகி இரண்டு முதல் நான்கு மாதத்தில் முடி கொட்டுவது ஹார்மோன் இறங்குவதால். கர்ப்பத்தில் கொட்டாமல் தங்கிய முடி எல்லாம் சேர்ந்து கொட்டுகிறது, பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் தானாக வளர்ந்துவிடும். பயோட்டின் இதை நிறுத்தாது. குழந்தைக்குப் பெரிய கெடுதல் தெரியவில்லை, ஆனால் அழகுக்கு விற்கும் பெரிய டோஸ் மாத்திரை சில தைராய்டு பரிசோதனைகளைக் குழப்பிவிடும். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச்.சைக் குறைவாகக் காட்டி, இல்லாத தைராய்டு நோயை இருப்பதாகக் காட்டும். பிரசவத்துக்குப் பிறகு நிஜமாகவே தைராய்டு ஆடும் காலம் இது. முடி ரொம்பக் கொட்டினால் ஹீமோகுளோபின், உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், டி.எஸ்.எச். பாருங்கள், பார்ப்பதற்கு இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்திவிட்டு.

அஸ்வகந்தா வேண்டாம். பாலில் எவ்வளவு போகிறது என்று அளந்து பார்த்த தகவல் இல்லை, தைராய்டு ஹார்மோனை ஏற்றும், ஈரலைப் பாதித்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன, டென்மார்க் 2023-இல் தடையே செய்துவிட்டது. மூன்று மாதக் குழந்தை வைத்திருப்பவருக்குத் தூக்கம் வராததற்கு முக்கியக் காரணம் அந்தக் குழந்தைதான். ஆனால் குழந்தை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, எதிலும் பிடிப்பில்லை என்றால் அது கேப்சூல் விஷயம் இல்லை, மருத்துவரிடம் சொல்லுங்கள். தாய்ப்பாலோடு ஒத்துப்போகும் மாத்திரைகள் இருக்கின்றன.

நீங்கள் கேட்காதவை இரண்டு. எடை குறைக்க கிரீன் டீ சாறு, கார்சினியா கேப்சூல் என்று விளம்பரம் வரும், பிரசவ வயிற்றைக் குறிவைத்துத்தான் வரும். கார்சினியா குடம்புளி ஜாதிதான், மீன் குழம்பில் போடுங்கள், கேப்சூலாக வேண்டாம், இரண்டுமே ஈரலைக் கெடுத்த சம்பவம் உண்டு. இன்னொன்று டோம்பெரிடோன். வாந்தி மாத்திரைதான், புரோலாக்டினை ஏற்றுவதால் பாலுக்கும் கொடுப்பார்கள். இதயத்துடிப்பைக் குழப்பக்கூடியது என்று அமெரிக்க மருந்துத் துறை 2004-இலேயே எச்சரித்தது. மருத்துவர் உங்கள் மற்ற மருந்துகளைப் பார்த்து எழுதினால் சரி, பக்கத்து வீட்டுக்காரர் சீட்டைக் காட்டி வாங்காதீர்கள்.

ஆங்கிலம் படிக்க வருமென்றால் லாக்ட்மெட் என்று தேடுங்கள். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் இணையதளத்தில் இருக்கும் இலவசத் தகவல் தளம், மருந்து மட்டுமில்லை, வெந்தயம், சதாவரி, பூண்டுக்குக்கூடத் தனிப் பக்கம் உண்டு. 'பாதுகாப்பு பற்றித் தகவல் இல்லை' என்று அங்கே எழுதியிருந்தால் அதைப் 'பாதுகாப்பானது' என்று படித்துவிடாதீர்கள்.

குழந்தைக்கு வசம்பு: வேண்டாம். பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் வைத்து, ராத்திரியில் பேர்கூடச் சொல்லாமல் மரியாதை கொடுத்த சரக்குதான். ஆனால் அதில் இருக்கும் பீட்டா அசரோன் விலங்குகளில் புற்றுநோய் உண்டாக்கியதால் அமெரிக்கா 1968-இலேயே உணவில் தடை செய்தது. உரசும் கல், தண்ணீர், விரல் எதுவும் சுத்தமில்லை என்பது தனி. ஆறு மாதம் வரை தாய்ப்பாலும் மருத்துவர் சொன்ன சொட்டு மருந்தும் தவிர வாயில் எதுவும் வேண்டாம், ஓமத் தண்ணீரும்தான். ஆசைக்குக் கையில் வசம்பு வளையல் கட்டுகிறார்கள் என்றால், அதை வாயில் வைக்கும் வயது வந்ததும் கழற்றிவிடுங்கள்.

மாமியார் விஷயத்துக்கு நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். என் மாமியாரிடம் 'டாக்டர் வேண்டாங்கிறார்' என்று சொன்ன நாளில் வீட்டில் பேச்சுவார்த்தை நின்றது. அடுத்த பிரசவத்தில் புத்தி வந்து, 'அத்தை, லேகியம் காலையில கொஞ்சமா கொடுங்க, அதோட எனக்கு முருங்கைக்கீரை பொரியலும் பருப்பும் போட்டு ஒரு பிடி சோறு சேர்த்துக் கொடுங்க, பசி தாங்கல' என்றேன். அவருக்கு லேகியம் வேலை செய்துவிட்டது என்று சந்தோஷம். முருங்கைக்கீரை உருவிக் கொடுக்க மாமனாரையும் உட்கார வைத்துவிட்டார். வசம்பை மட்டும் அவர் டப்பாவிலிருந்து எடுத்துக் கொண்டுவந்த அன்று, தடுப்பூசி போடும் நர்சம்மாவிடம் நீங்களே கேளுங்கள் என்று கூடவே அழைத்துப்போனேன். அவர் சொன்னதைக் கேட்டார், நான் சொன்னதைக் கேட்டிருக்க மாட்டார்.